மூளையைக் காக்குமா மூலிகை?



கிள்ளான் பக்கம் ஒரு தாமான் வீடு என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு வயது 19. படிவம் ஒன்றில் படிக்கும்போது பள்ளித் திடலில் முதன்முதலாக வலிப்பு வந்து விழுந்தவன். அரசாங்க மருத்துவமனையில் பெனிட்டோயின் மாத்திரை கொடுத்தார்கள். அளவைக் கூட்டியும் குறைத்தும் ஒருவழியாகச் சரிப்படுத்திய பிறகு, இரண்டு ஆண்டுகளாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. இப்போது கல்லூரிக்குப் போகிறான். ஒருநாள் மாலை பக்கத்து வீட்டு அக்காள் கையில் ஒரு புட்டியோடு வருகிறார்.

“மாத்திரை எல்லாம் கெமிக்கல் தங்கச்சி. இது முழுக்கப் பச்சிலை. ஆன்டிஆக்சிடன்ட். மூளையைக் காக்கும்னு போட்டிருக்கான் பாரு. ரெண்டு மாசம் குடு, அப்புறம் மாத்திரையே வேணாம்.”

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமாக்கா?”

“அவங்க எதுக்கு இதையெல்லாம் சொல்லப் போறாங்க?”

புட்டியின் விலை 120 வெள்ளி. தாய் வாங்கி வைத்துக்கொள்கிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அக்காளுக்குப் பிள்ளை மேல் பாசம். தாய்க்கோ, ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டுமே என்ற கவலை.

இந்த வீடு கற்பனைதான். ஆனால் வலிப்பு நோயாளி உள்ள வீடுகளில் இப்படி ஒரு பேச்சு என்றைக்காவது ஒருநாள் எழாமல் இருப்பதில்லை. அதனால் அந்தப் புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டை எடுத்துக்கொண்டு, அதில் எழுதியிருப்பதில் எவ்வளவு மெய், எவ்வளவு வெறும் மை என்று பார்ப்பதே இன்றைய பேச்சு.

முதலில் மெய்யைச் சொல்லிவிடுவோம். தாவரங்களில் இருக்கும் ஆன்டிஆக்சிடன்ட் சத்துகள் வலிப்பால் மூளைக்கு ஏற்படும் சேதத்தைக் குறைக்குமா என்று உலகின் பெரிய ஆய்வுக் கூடங்கள் உண்மையாகவே ஆராய்ந்து வருகின்றன. அது வெற்று விளம்பரம் அல்ல. ஏன் ஆராய்கிறார்கள் என்று புரிய வேண்டுமானால், வலிப்பின்போது தலைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

மனித மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடல் பயன்படுத்தும் பிராண வாயுவில் 20 விழுக்காட்டை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. வலிப்பு என்பது மூளையின் நரம்பணுக்கள் கட்டுப்பாடு இழந்து ஒரே நேரத்தில் மின்சாரம் பாய்ச்சுவது. அப்போது குளுட்டமேட் என்ற இரசாயனம் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அது நரம்பணுக்களின் கதவுகளைத் திறந்துவிட, சுண்ணாம்புச் சத்தான கால்சியம் வெள்ளமாக உள்ளே புகுகிறது. அணுக்குள் சக்தி உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னஞ்சிறு உலைகள் திணறுகின்றன. திணறும் உலையிலிருந்து தீப்பொறி தெறிப்பதுபோல, நிலையில்லாத பிராண வாயுத் துகள்கள் வெளியே சிதறுகின்றன. இவற்றைத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்கிறார்கள்.

தீப்பொறி விழுந்த இடம் சிமெண்டுத் தரை என்றால் கவலையில்லை. மூளை அப்படியல்ல. அதில் கொழுப்பு அதிகம். அதுவும் எளிதில் கெடும் வகைக் கொழுப்பு. சமையலறையில் திறந்து வைத்த எண்ணெய் சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கிறதே, அது எண்ணெயைப் பிராண வாயு தாக்குவதால் வருவது. வலிப்பு நீளும்போது நரம்பணுக்களின் மெல்லிய சுவரிலும் நடப்பது கிட்டத்தட்ட அதுவேதான். எண்ணெய் கெட வாரக் கணக்காகும். மூளையில் நிமிடக் கணக்கு போதும். நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று. நீண்ட வலிப்புக்குப் பிறகு சிலருக்கு ஞாபகம் தடுமாறுவது இதனால்தான்.

இங்கே பெற்றோருக்கு ஓர் ஆறுதல் சொல்லியாக வேண்டும். ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும் சாதாரண வலிப்பு ஒவ்வொன்றும் மூளையைப் பொசுக்கிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆபத்து நீளும் வலிப்பில்தான். அனைத்துலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2015-இல் வகுத்த வரையறையில் இரண்டு எண்கள் உண்டு. உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் அது தானாக நிற்காது என்று கருதி உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். 30 நிமிடத்தைத் தாண்டினால் மூளையில் நிரந்தரச் சேதம் ஏற்படக்கூடும். 5-க்கும் 30-க்கும் நடுவில்தான் எல்லாமே இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, தீப்பொறிதான் பிரச்சினை என்றால் தண்ணீர் தெளித்தால் போயிற்று என்று தோன்றும் அல்லவா? அந்தத் தண்ணீர்தான் ஆன்டிஆக்சிடன்ட். மஞ்சளில் குர்குமின், எண்ணெய் வித்துகளில் வைட்டமின் ஈ, புரொக்கோலியில் சல்ஃபோராபேன் என்று தாவரங்களில் இவை ஏராளம். ஆய்வாளர்கள் இவற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

எலிக்கு வலிப்பை வரவழைப்பது எப்படி? இதில்தான் ஒரு வேடிக்கை. ஆய்வுக் கூடங்களில் இதற்கு மிகுதியாகப் பயன்படும் பொருள்களில் இரண்டு, பைலோகார்பினும் கைனிக் அமிலமும். முதலாவது தென் அமெரிக்காவின் ஜபராண்டி என்ற செடியின் இலையிலிருந்து கிடைப்பது. கண் நீர் அழுத்தத்திற்குச் சொட்டு மருந்தாகவும் அது பயன்படுகிறது. இரண்டாவது, ஜப்பானியர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகக் காய்ச்சிக் குடித்த ஒரு சிவப்புக் கடற்பாசியிலிருந்து 1953-இல் பிரித்தெடுக்கப்பட்டது. எலியின் மூளையைத் துடிதுடிக்க வைப்பதும் இயற்கைப் பச்சிலைதான், கடற்பாசிதான்! “பச்சிலைதானே, கெடுதல் செய்யாது” என்று சொல்பவர்களுக்கு ஆய்வுக் கூடத்து எலி வேறு பதில் வைத்திருக்கும்.

எலி ஆய்வுகளில் நம்மவர்களுக்கு நெருக்கமான ஒன்று வல்லாரை பற்றியது. மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாமாகச் சாப்பிடும் அதே கீரைதான். பிள்ளைகளுக்கு ஞாபக சக்தி வளர வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுக்காத பாட்டி உண்டா? டெல்லியில் உள்ள அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 2003-இல் வல்லாரைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தனர். ஒரு கிலோ எடைக்கு 300 மில்லிகிராம் கொடுத்தபோது, இரசாயனத்தால் தூண்டப்பட்ட வலிப்பின் கடுமை குறைந்தது. கற்கும் திறன் குறைவதும் மட்டுப்பட்டது. மூளையில் அந்தச் ‘சிக்கு’ அறிகுறிகளும் குறைந்தன. பாட்டி சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று மகிழ்ச்சிதான்.

இத்தாலியில் மிலான் நகரின் மரியோ நெக்ரி ஆய்வுக் கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நீண்ட வலிப்பால் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட எலிகளுக்கு, அதன் பிறகு சல்ஃபோராபேனையும் என்-அசிட்டில்சிஸ்டீன் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பின்னாளில் தானாக வரும் வலிப்புகள் தாமதமாகத் தொடங்கின, எண்ணிக்கையிலும் குறைந்தன. ‘பிறகு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பெரும்பாலான எலி ஆய்வுகளில் மூலிகையை முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வலிப்பைத் தூண்டுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு சந்தேகம் தீராது. மூலிகை மூளையைக் காத்ததா, அல்லது வலிப்பையே கொஞ்சம் குறைத்ததால் சேதமும் குறைந்ததா? பட்டாசு வெடிக்கும் முன்பே திரியை நனைத்துவிட்டு, கைக்குத் தீக்காயம் படவில்லை, கையுறை நல்ல கையுறை என்று பாராட்டுவது போன்றது அது.

எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியில் முதல் தடை வயிறு. மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். ஒரு தேக்கரண்டி, அதாவது 3 கிராம் தூள் சாப்பிட்டால் உள்ளே போவது 90 மில்லிகிராம். அதிலும் மிகச் சிறிய பங்குதான் இரத்தத்தில் கலக்கிறது. மீதியைக் குடலும் கல்லீரலும் வெளியேற்றிவிடுகின்றன. இரத்தத்தில் கலந்தது மூளைக்குள் போக வேண்டுமானால் இன்னொரு காவலைத் தாண்ட வேண்டும். கண்ட பொருளும் மூளைக்குள் நுழையாதபடி இரத்தக் குழாய்ச் சுவரே அங்கே கதவடைத்து நிற்கிறது. பால் நிறைய மஞ்சள் போட்டுக் குடித்தாலும் ஆய்வுக் கூடத்து எலியின் மூளைக்குக் கிடைத்தது நம் மூளைக்குக் கிடைத்துவிடாது.

அடுத்த தடை, மனிதர்களிடம் செய்யும் சோதனை. வைட்டமின் ஈ கதையைக் கேளுங்கள். 1989-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள 24 பிள்ளைகள். 12 பேருக்கு வழக்கமான மருந்தோடு வைட்டமின் ஈ, 12 பேருக்கு வழக்கமான மருந்தோடு வெற்று மாத்திரை. வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களில் 10 பேருக்கு வலிப்பு வெகுவாகக் குறைந்தது. வெற்று மாத்திரைக்காரர்களில் ஒருவருக்கும் குறையவில்லை. அடேயப்பா என்று இருக்கிறதல்லவா? ஆனால் டெல்லி மருத்துவர்கள் வைட்டமின் ஈ-யை வைத்து இதேபோன்ற ஒரு சோதனையை நடத்தி 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. சின்ன ஆய்வில் மின்னியது அடுத்த ஆய்வில் மங்கிப்போவது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதுதான். விளம்பரச் சீட்டில் மட்டும் 1989 இருக்கும், 1994 இருக்காது.

நம் நாட்டுச் செம்பனைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. செம்பனை எண்ணெயில் டோகோட்ரியனால் என்ற ஒருவகை வைட்டமின் ஈ நிறைய உள்ளது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 121 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். மூளையின் வெண்பகுதியில் சிறு தழும்புகள் உள்ளவர்கள் இவர்கள். நாளுக்கு இருமுறை 200 மில்லிகிராம் டோகோட்ரியனால் சாப்பிட்டவர்களுக்குத் தழும்பு குறிப்பிடும்படி வளரவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வளர்ந்தது. பெருமைப்படக்கூடிய ஆய்வுதான். ஆனால் அது வலிப்பு நோயாளிகளிடம் செய்யப்பட்டதல்ல. அதைக் காட்டி வலிப்புக்குப் புட்டி விற்றால், அது ஆய்வாளர்களின் தவறல்ல.

இதுவரை கேட்ட தாய், “பலன் நிச்சயமில்லை என்றால் போகட்டும், கெடுதல் இல்லையே, கொடுத்துப் பார்க்கலாமே” என்று நினைக்கலாம். அங்கேதான் கதையின் கடினமான பகுதி வருகிறது.

1992-இல் பம்பாய் மருத்துவர்கள் ஓர் அனுபவத்தை எழுதினார்கள். பெனிட்டோயின் சாப்பிட்டு நலமாக இருந்த இரண்டு நோயாளிகளுக்கு எதிர்பாராமல் மீண்டும் வலிப்பு வரத் தொடங்கியது. காரணம் தேடியபோது, இருவரும் சங்கபுஷ்பி என்ற ஆயுர்வேத மருந்தும் சாப்பிட்டு வந்தது தெரிந்தது. பல மூலிகைகள் சேர்ந்த கலவை அது, மூளைக்கும் நரம்புக்கும் நல்லது என்று பெயர் பெற்றது. எலிகளிடம் சோதித்தார்கள். தொடர்ந்து கொடுக்கும்போது இந்தக் கலவை, இரத்தத்தில் பெனிட்டோயினின் அளவைக் குறைத்தது. மூளைக்கு நல்லது என்று குடித்த மருந்தே மூளைக்குக் காவலாக இருந்த மருந்தை வெளியே தள்ளியிருக்கிறது! அந்த இரண்டு நோயாளிகளும் மாத்திரையை நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒழுங்காக விழுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

எதிர்த் திசையிலும் நடப்பதுண்டு. குர்குமின் உடலில் சேரவில்லை என்று சொன்னோம். 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் மிளகில் உள்ள பிப்பரின் என்ற சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, மனிதர்களின் இரத்தத்தில் குர்குமின் சேர்வது 2,000 விழுக்காடு கூடியது. அதனால்தான் கடையில் விற்கும் பல குர்குமின் மாத்திரைகளில் மிளகுச் சத்தும் இருக்கிறது. ஆனால் பிப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை. சண்டிகார் மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளிகளின் இரத்தத்தில் பெனிட்டோயினின் அளவையும் அது உயர்த்தியது. பெனிட்டோயின் விட்டுக்கொடுக்காத மருந்து. இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும் என்பது கணக்கு. குறைந்தால் வலிப்பு, கூடினால் தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும். அதற்காக இன்றிரவு ரசத்தில் மிளகைப் பொறுக்க வேண்டாம். பல ஆண்டாக ஒரே சீராகச் சாப்பிடும் வீட்டுச் சமையலோடு சேர்த்துத்தான் மருத்துவர் அளவை அமைத்திருக்கிறார். செறிவூட்டிய சத்து ஒன்று திடீரென்று உள்ளே வருவதும் திடீரென்று நிற்பதும்தான் கணக்கைக் குலைக்கும்.

இன்னும் சில உண்டு. கிரேப்ஃப்ரூட் பழச்சாறு கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரையின் அளவை இரத்தத்தில் உயர்த்தும். ஞாபக சக்திக்கு என்று விற்கும் கிங்கோ இலையின் உறவான கிங்கோ கொட்டையில், அளவு மீறினால் வலிப்பையே வரவழைக்கும் நச்சு இருக்கிறது. சந்தையில் குவித்து விற்கும் பெலிம்பிங் பழத்தில் வைட்டமின் சி நிறைய. ஆனால் சிறுநீரகம் கெட்டவர்கள் சாப்பிட்டால் வலிப்பு வரும். அதற்குக் காரணமான காராம்பாக்ஸின் என்ற நச்சைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் அடையாளம் கண்டனர்.

அப்படியானால் தாவரத்திலிருந்து வலிப்புக்கு மருந்தே வராதா? வந்திருக்கிறது. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த கன்னாபிடியால் என்ற, போதை தராத பொருளை 2018-இல் அமெரிக்க அரசு, பிள்ளைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு அனுமதித்தது. 120 நோயாளிகளிடம் நடந்த சோதனை ஒன்றில் மாதம் 12 முறை வந்த வலிப்பு 6-ஆகக் குறைந்தது. அதுவும் கல்லீரலைத் தொடுகிறது, மற்ற மாத்திரைகளோடு மோதுகிறது. அதனால் இரத்தப் பரிசோதனையோடுதான் கொடுக்கிறார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கஞ்சா கடுங்குற்றம் என்பதால், இதைக் கேட்டுவிட்டு யாரும் தாமாக எண்ணெய் தேடிப் புறப்பட்டுவிட வேண்டாம். தாவரம் மருந்தாவதற்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று காட்டத்தான் இது.

மீண்டும் அந்தத் தாமான் வீட்டுக்கு வருவோம். புட்டி அலமாரியில் இருக்கிறது. தாய் அதை மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகலாம் என்று பார்த்தோம். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கொடுத்தால்? வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது, நிற்காத வலிப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அந்த 5 நிமிடமும் 30 நிமிடமும் அப்போதுதான் வாசலுக்கு வரும். நேரம் ஆக ஆக, நிறுத்தும் மருந்துக்கும் மூளை மசிவதில்லை. எந்தச் சேதத்தைத் தடுக்க 120 வெள்ளி கொடுத்தாரோ, அதே சேதத்துக்கு அவரே கதவைத் திறந்துவிட்டிருப்பார். உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. முறையாகக் கண்டறிந்து சிகிச்சை கொடுத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இந்தப் பையன் அந்த 70-இல் ஒருவனாக ஏற்கெனவே இரண்டு ஆண்டுகள் கழித்துவிட்டான்.

வலிப்பு வந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுவோம். கையில் சாவிக்கொத்து திணிப்பதால் வலிப்பு நிற்காது. வாயில் கரண்டி வைத்தால் பல்தான் உடையும். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

புட்டிச் சீட்டில் இரண்டு விஷயங்கள் பார்க்கத்தக்கவை. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துகளுக்கு எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அது ‘டி’ என்ற எழுத்தில் முடிந்தால் பாரம்பரிய மருந்து. தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள், வலிப்பைக் குணமாக்கும் என்று நிரூபித்ததாகப் பொருளல்ல. இன்னொன்று, மருந்துகள் விளம்பரம், விற்பனை தொடர்பான 1956-ஆம் ஆண்டுச் சட்டம். பொதுமக்களிடம் ‘குணமாக்கும்’ என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று அதில் உண்டு. வலிப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அப்படி அச்சடித்து ஒரு புட்டி கைக்கு வந்தால், உள்ளே இருப்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே சந்தேகப்படக் காரணம் கிடைத்துவிட்டது.

தாய் அந்தப் புட்டியைக் குப்பையில் போட வேண்டியதில்லை. அக்காளோடு சண்டையும் வேண்டாம். அடுத்த முறை மருந்து எடுக்கப் போகும்போது பைக்குள் போட்டுக்கொண்டு போய், மருந்தாளுநரிடம் நீட்டி, “என் மகன் பெனிட்டோயின் சாப்பிடுகிறான், இது சேருமா?” என்று கேட்கலாம். பையன் ஏற்கெனவே சில நாள் குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம். சொன்னால், இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்துப் பார்த்துவிடுவார்கள்.

வல்லாரைத் துவையல்? சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வாரத்தில் ஒருநாள் பாட்டி அரைப்பதை யாரும் தடுக்கவில்லை. மாத்திரை மட்டும் அதன் நேரத்துக்கு உள்ளே போகட்டும்.